மறுமொழி: ஜெர்மன் பாடநூலுக்கு ‘மெல்வினை’ பொருந்துமா?

அன்புடையீர்,

நம் ஜெர்மன் பாடநூலின் வினையியல் பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்லவிருப்பதால், இறந்தகாலத்தில் ‘டெ’ பெறும் ஜெர்மன் வினைகளுக்குத் தமிழ்ப் பெயராக முன்மொழியப்பட்ட ‘ஒழுங்குவினை’, ‘மெல்வினை’ ஆகிய இரண்டையும் நான் ஏற்காத காரணத்தை ‘ப்ரெனென்’ என்ற ஒரே வினையைக் கொண்டு விளக்குகிறேன்.

எரிதல், எரித்தல் இரண்டையும் குறிக்கும் இவ்வினைக்கு இறந்தகாலம் ‘ப்ரன்டெ’, எச்சம் ‘கெப்ரன்ட்’. ஜெர்மன் மொழியறிஞர் யாகோப் கிரிம் 1819இல் வெளியிட்ட இலக்கணத்தின் வகைப்படி, ‘டெ’ பெறுவதால் இது வலுவற்றது, அதாவது மெல்லியது. பாடுதலைக் குறிக்கும் ‘ஸிங்கென், ஸாங்’ போலப் பகுதியின் உயிரைத் திரித்தே காலம் காட்டுவன வலியவை. எகரம் அகரமாவதைச் சுட்டி, இதனை ஒழுங்குவினை என்பது எப்படி என்று அம்மையார் கேட்டது நியாயமே. ஆனால் அந்த அகரம் காலம் காட்ட வந்த திரிபன்று. பழைய வடிவம் ‘ப்ரன்யன்’; பகுதியை அடுத்த யகரம் நிகழ்காலத்தில் அகரத்தை எகரமாக்கிற்று; இறந்தகாலத்தில் அதற்கு நேரான ஒலி முன்பே கெட்டுவிட்டதால் அகரம் அப்படியே நின்றது. காலம் காட்டுவது ‘டெ’ ஒன்றே.

‘ப்ரன்யன்’ என்பது ‘ப்ரின்னன்’ என்னும் வலிய தன்வினைக்குப் பிறவினை. இங்கேதான் ‘மெல்வினை’ இடறுகிறது. ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் ‘எரிகிறது’ மெல்லியது, ‘எரிக்கிறது’ வலியது. ஜெர்மனிலோ தன்வினை வலியது, பிறவினை மெல்லியது. ஒரே பெயரை இரண்டுக்கும் இட்டால் மாணவர் தலைகீழாகவே புரிந்துகொள்வார். ‘வல்வினை’ என்றதும் பக்திப் பாடல்களின் தீவினை நினைவுக்கு வருவது வேறு.

‘டெ’ செய்தலைக் குறிக்கும் பழைய வினையொன்றின் எஞ்சிய உருவம் என்று பலர் கருதுவதால் ‘துணைபெறு வினை’ என ஒருவர் முன்மொழிந்தார். அழகிய சொல்தான், ஆயினும் இன்றைய வடிவத்தில் அத்துணைவினை கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே ‘டெ’ பெறுவதற்கு ‘இடைநிலை வினை’, உயிர் திரிவதற்குத் ‘திரிவினை’ என்பன என் பரிந்துரை. தமிழ் வினைகள் பெரும்பாலும் இடைநிலை பெறுவனவாயிற்றே என்று புலவர் ஐயா மறுத்தார். அதுவே இச்சொல்லுக்கு வலு: ‘செய்தான்’ என்பதைப் பகுத்தறிந்த மாணவர் ‘ப்ரன்டெ’யையும் பகுப்பார், பகுதி இரட்டித்துக் காலம் காட்டும் ‘புக்கான்’, ‘விட்டான்’ முதலியவற்றைக் கற்றவருக்குத் திரிவினையும் அயலாகத் தோன்றாது.

பெரும்பான்மையோர் ‘மெல்வினை’ என்றே முடிவுசெய்தால் பணிக்குத் தடையாக நிற்கமாட்டேன். ‘எரிகிறது’ போன்ற தமிழ் மெல்வினைகளோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளலாகாது என்ற அடிக்குறிப்பை மட்டும் ‘ப்ரெனென்’ வரும் பக்கத்தில் சேர்க்க வேண்டுகிறேன்.