புதுப்பிப்பு: டியூப் மானிட்டரை மாற்றிவிட்டேன் (யாங்கூன்)

17 இஞ்ச் டியூப் மானிட்டரை (பின்பக்கம் பருத்த பழைய வகை) விட்டு தட்டையான எல்சிடி திரைக்கு மாறலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செகண்ட் ஹேண்டில் ஒரு 17 இஞ்ச் எல்சிடி வாங்கினேன். முதலில் எழுத்தெல்லாம் மங்கல்; மெய்யெழுத்தின் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது. பேனலின் சொந்த ரெசல்யூஷனில் (திரையில் உண்மையிலேயே இருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கையில்) வைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. 1024×768-ஐ 1280×1024 ஆக்கியதும் பளிச்சென்று ஆகிவிட்டது. எழுத்து சிறுத்ததால் விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கும் டிபிஐ அமைப்பை 120-க்கு ஏற்றினேன். கேபிளை மாற்றத் தேவையே வரவில்லை.

எதிர்பாராத விஷயம்: டியூபில் 17 இஞ்ச் என்பது மறைந்திருக்கும் ஓரத்தையும் சேர்த்துத்தான், கண்ணுக்குக் கிடைப்பது சுமார் 16. எல்சிடியில் 17-ம் முழுசாகத் தெரிகிறது. அப்புறம், எல்சிடி கரண்டைக் குறைவாக இழுப்பதால், கரண்ட் போனால் யூபிஎஸ் (பேட்டரி பேக்கப்) முன்பைவிட நெடுநேரம் தாங்குகிறது. எங்கள் ஊரில் இதற்காகவே மாற்றலாம். கறுப்பு மட்டும் டியூப் அளவுக்கு இல்லை, சாம்பல் தட்டுகிறது. விளக்கை அணைத்துப் படம் பார்ப்பவர்கள் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.