மொரிஸ் மைனரில் 2 வோல்ட் எங்கே தொலைகிறது?

வணக்கம். அப்பாவின் 1958 மொரிஸ் மைனர் 1000 காரை யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் திருத்திக்கொண்டிருக்கிறேன். பிரேக்கை மிதித்தால் வைப்பர் தளர்கிறது. கதவுத் தூணிலிருந்து மேலெழும் செம்மஞ்சள் சிக்னல் கை பாதியிலேயே நின்று நடுங்குகிறது.

எஞ்சினை இயக்காமல், சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்தபடி அளந்தேன். பற்றரியில் 12.5 வோல்ட், பியூஸ் பெட்டியில், சாவிச் சுவிட்சிலிருந்து வெள்ளை வயர் வந்து சேரும் ஏ3 முனையில் 10.3 மட்டுமே. அக்கால முறைப்படி பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கிறது. அந்த இணைப்பைப் பளபளக்கச் சுரண்டியும் மாற்றமில்லை. பியூஸுக்கு முன்பே இழப்பு நேர்கிறது என்பது தெளிவு.

குற்றவாளி, சாவிச் சுவிட்சுக்கு மின்சாரம் கொண்டுவரும் பழுப்பு வயரா, சாவிச் சுவிட்சா? வயரின் துணி உறை தொட்டாலே உதிர்கிறது. அதிகம் அசைக்காமல் இரண்டையும் பிரித்தறியும் வழி தெரிந்த அண்ணன்மார் தயவுசெய்து சொல்லித்தாருங்கள். முழு வயரிங்கையும் மாற்ற மனம் வரவில்லை; அப்பா தன் கையால் சுற்றிய நாடா இன்னும் அதில் இருக்கிறது.