நரேன் பற்றிய பழைய பத்திரிகைத் துண்டுகள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. அப்பா கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் என்றால் அவருக்கு உயிர். பழைய கணக்கு நோட்டு ஒன்றில் நரேன் பற்றி வந்த செய்திகளையெல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருந்தார். போன மழையில் பரண் ஒழுகி, முன்பாதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிகிறது.

தப்பியது 2005 முதல் உள்ளவை மட்டும். ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆன வருடம் அது. இண்டியானாபொலிஸ் செய்தியைச் சுற்றி அப்பா சிவப்பு மையில் கட்டம் போட்டிருக்கிறார். மிஷெலின் டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகி, ஆறே கார்கள் ஓடிய பந்தயம். நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். 'ஆறு பேரில் நாலாவதுதானே' என்று யாராவது சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். எனக்கும்தான். மெதுவான அந்த ஜோர்டான் காரை அங்கே வரை கொண்டுபோனது சும்மா இல்லை.

எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய காலம். 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு (இளம் ஓட்டுநர்களுக்கான பந்தய வகை) குளிர்காலத் தொடரை வென்ற செய்தி, அப்புறம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் படங்கள். அவருடைய தந்தை ராலி ஓட்டிய நாட்களின் படம் கிடைத்தால் இன்னும் சந்தோஷம்.

தை மாதம் அப்பாவுக்கு 75 முடிகிறது. அதற்குள் நோட்டைத் திரும்ப ஒட்டிக் கொடுக்க ஆசை. அசல் வேண்டாம், செல்போனில் தெளிவாக எடுத்த படம் போதும். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க வழி தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.