சர்க்கரைத் தண்ணீர் குடித்தும் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறவில்லை, ஏன்?

திருநகர்வாசி (கேள்வி)
என் அம்மாவுக்கு வயது 67. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இன்சுலின் இல்லை, காலையும் இரவும் உணவுக்கு முன் ஒரு மாத்திரை மட்டும். சென்ற வெள்ளிக்கிழமை விரதத்தன்று வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு வாழைப்பழத்தோடு பகலை ஓட்டிவிட்டார். மாலை நான்கு மணிக்குப் பூத்தொடுக்க உட்கார்ந்தவர், நாரில் முடிச்சு விழாமல் அதே பூவைத் திரும்பத் திரும்ப வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார். ரவிக்கையின் முதுகுப்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. குளுக்கோமீட்டர் 52 காட்டியது. மூன்று கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தும் கால் மணி நேரம் கழித்து 55தான். 70-ஐத் தாண்ட ஏறக்குறைய ஒரு மணி நேரமாயிற்று. இவருக்கு மட்டும் ஏன் இப்படி?

மருந்தாளுநர்
மாத்திரை அட்டையின் பின்புறம் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருக்கிறதா, பாருங்கள். நாம் பயன்படுத்தும் சர்க்கரை குடலில் இரண்டாக உடைந்த பிறகே இரத்தத்தில் சேரும். அந்த உடைப்பைத்தான் இம்மருந்துகள் தாமதப்படுத்துகின்றன. அதனால் சர்க்கரை, வெல்லம், பிஸ்கட் எல்லாமே மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் பொடிக்கு உடைய வேண்டிய அவசியமே இல்லை. மூன்று தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சுவை சேர்த்த பொடிகள் சிலவற்றில் சாதாரணச் சர்க்கரையும் கலந்திருக்கும் என்பதால் பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

திருநகர்வாசி
பார்த்தேன். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் இருக்கின்றன.

மருந்தாளுநர்
அப்படியானால் சர்க்கரையை இறக்கியது கிளிமிபிரைடு. ஏறவிடாமல் இழுத்தடித்தது வோக்லிபோஸ். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அதன் வேகம் அடங்க ஒரு நாள்கூட ஆகலாம். எனவே ஒருமுறை ஏறிவிட்டதே என்று விட்டுவிடாமல், அன்று இரவும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்சுலின்காரன்
எனக்குச் சிறு வயதிலிருந்தே முதல் வகை நீரிழிவு. உங்கள் அம்மா எரிந்து விழுந்ததை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மூளைக்குக் குளுக்கோஸ் போதாத நேரத்தில் யார் பேசினாலும் எரிச்சல்தான் வரும். இன்னொன்று, அந்தப் பசி அடங்காப் பசி. ஒருமுறை நள்ளிரவில் 58 இருந்தபோது, கைக்குக் கிடைத்த அல்வாவையெல்லாம் தின்றுவிட்டு விடியற்காலையில் 310-இல் எழுந்தவன் நான். 15 கிராம் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள்; அப்போதும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு, அடுத்த வேளைக்கு நேரமிருந்தால் இரண்டு இட்லி போதும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

திருநகர்வாசி
நேற்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று பார்க்க, கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். மாத்திரையையும் மாற்றி, விரத நாளில் எதை நிறுத்த வேண்டும் என்பதைச் சீட்டிலேயே தனியாகக் குறித்துக் கொடுத்தார். அம்மா விரதத்தை விடுவதாக இல்லை. குளுக்கோஸ் டப்பாவைப் பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன்.