பாராமகால் போர்களைப் பற்றிய அரிய நூல்களை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

மலையடிவாரத்தார் (கிருஷ்ணகிரி)

பாராமகால் எனப்பட்ட நம் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்திலும் நடந்த மைசூர்ப் போர்களை, அதாவது ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கும்பினியோடு (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு) நடத்திய போர்களைப் பற்றிய பழைய நூல்களைத் தேடிச் சேர்த்து வருகிறேன். இவையெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்குவது வீண் ஆடம்பரம் என்று நண்பர் ஓசூர் வாசகர் வேறொரு திரியில் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை.

போர் வரலாற்று நூலில் வரைபடம் அலங்காரத்துக்காக வைக்கப்படுவதன்று. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கும்பினிப் படை மலையடியில் இருந்த ஊர்ப்பகுதியான கிருஷ்ணகிரிப் பேட்டையைக் கைப்பற்றி, அதே வேகத்தில் மலைக்கோட்டைக்குள்ளும் நுழைய முயன்று, மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறைகளைத் தாங்க முடியாமல் பின்வாங்கியது. அது ஏன் தோற்றது என்பது, பேட்டைக்கும் மலைவழிக்கும் கோட்டை வாயிலுக்கும் இடையிலுள்ள தொலைவையும் சரிவையும் அறிந்தவருக்கே விளங்கும். அந்தப் போர்க்காலத்தில் படையில் அதிகாரியாக இருந்த அலெக்சாண்டர் டிரோம் 1793-இல் லண்டனில் வெளியிட்ட நூலில், படைகள் சென்ற வழிகளைக் காட்டும் பெரிய வரைபடம் மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய நூல்களின் இணையப் படிகள் பலவற்றில், படமெடுத்தவர்கள் மடிப்பை விரிக்கவே இல்லை; வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் மடிந்த தாளின் முதுகுதான் தெரிகிறது. அந்தப் படிகளை வைத்து அச்சிட்டு விற்கப்படும் மலிவு மறுபதிப்புகளிலும் அதே குறை அப்படியே தொடர்கிறது.

இன்னொன்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டு நூல்கள் துணிக்கந்தலில் செய்த தாளில் அச்சானவை. அவை இன்றும் வளைகின்றன, உடைவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் பரவியபின் வந்த நூல்களே இன்று பழுப்பேறி, புரட்டும்போதே விளிம்பு உதிர்கின்றன. சென்னை அரசு அச்சகம் 1882 முதல் 1889 வரை வெளியிட்ட வில்சனின் சென்னைப் படை வரலாற்றுத் தொகுதிகளைப் பாருங்கள்: அவற்றைவிட ஏறத்தாழ நூறாண்டு மூத்த டிரோமின் நூல் அவற்றைவிட உறுதியாக இருக்கிறது. கேட்பாரற்றுப் பழைய காகிதக் கடைக்குப் போகும் நிலையிலிருப்பவற்றை யாராவது ஒருவர் பணம் கொடுத்து எடுத்து வைத்தால்தான் அவை மிஞ்சும்.

ஓசூர் வாசகர்

ஐயா, மடிப்பு வரைபடங்களைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் குறைக்கு மருந்து இன்னொரு நல்ல படி எடுப்பதேயன்றி, மூல நூலை ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்வதன்று. பெரிய நூலகங்கள் பல பழைய வரைபடங்களைத் தனித்தனியாக, உருப்பெருக்கிப் பார்க்கும் வகையில் இணையத்தில் ஏற்றி வைத்துள்ளன. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. டிரோமுக்கும் வில்சனுக்கும் அது எப்போதோ முடிந்துவிட்டது. உங்களிடம் இருக்கும் நூலை விரித்துப் படமெடுத்து ஏற்ற எந்தத் தடையும் இல்லை. அதைச் செய்யாதவரை, உங்கள் அலமாரியில் இருக்கும் வரைபடத்தால் பாலக்கோட்டில் படிக்கும் ஒரு மாணவருக்கு என்ன பயன்?

பாலக்கோட்டு ஆசிரியை

நான் வரலாறு கற்பிக்கிறேன். என்னுடைய மறுப்பு வேறு வகையானது.

இங்கே பேசப்படும் நூல்கள் அனைத்தும் வென்ற படையின் அதிகாரிகள் எழுதியவை. டிரோம், 1800-இல் நூல் வெளியிட்ட பீட்சன், 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகளாக மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் ஆகிய எல்லோருமே ஆங்கிலேயர் தரப்பில் சம்பளம் வாங்கியவர்கள். ஹைதரின் பக்கத்திலிருந்து கிர்மானி பாரசீகத்தில் எழுதியது 1842-இல் மைல்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வந்தது. அதைத் தேடிக் கேட்பவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன். தமிழில் கான்சாகிபு சண்டை, தேசிங்குராஜன் கதை போன்றவை மலிவுத் தாளில் பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றன. கான்சாகிபு எனப்பட்ட, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானைப் பற்றிச் சாதாரண மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அறிய அந்தக் கதைப்பாடல்தான் வழி. அவற்றின் பழைய பதிப்புகளுக்குத் தோல் கட்டும் இல்லை, பொன்னெழுத்தும் இல்லை. ஆகவே சேகரிப்பாளர்கள் கண்ணில் அவை படுவதில்லை. எது காக்கப்பட வேண்டும் என்பதை விலை தீர்மானிக்கும் நிலையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களின் நடுகற்கள் நிற்கின்றன. இந்த மண்ணின் போர் வரலாற்றுக்கு அவையே முதல் ஆவணங்கள். ஒரே ஓர் ஆங்கில நூலுக்குக் கொடுக்கும் தொகையில், வயல்வெளிகளில் கிடக்கும் நடுகற்கள் பலவற்றைப் படமெடுத்துப் படித்துப் பதிவு செய்யலாம்.

இந்தச் சந்தை செய்யும் தீங்கையும் சொல்ல வேண்டும். 1792-இல் பாராமகால் வழியாகப் பயணம் செய்த ஆங்கில ஓவியர்களான டேனியல்கள் ராயக்கோட்டை, ஜகதேவி, வீரபத்திர துருகம் ஆகியவற்றை வரைந்து வெளியிட்டார்கள். அத்தகைய படத் தாள்கள் நூலிலிருந்து பிரிக்கப்பட்டு, சட்டமிடப்பட்டு, தனித்தனியாக விற்கப்படுகின்றன. முழு நூலைவிடப் பிரித்த தாள்களுக்கு அதிகப் பணம் கிடைக்கும் என்பதால், வியாபாரிகள் நூல்களைக் கத்தியால் அறுக்கிறார்கள். வாங்குபவர் இருப்பதால்தான் அறுப்பவரும் இருக்கிறார்.

மலையடிவாரத்தார்

அம்மா, நூலை அறுத்து விற்பதை உங்களைவிட நான் அதிகமாக வெறுக்கிறேன். அதனால்தான் நூலின் தொடக்கத்தில் அச்சிட்டிருக்கும் படப் பட்டியலோடு ஒவ்வொரு தாளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. தாள் குறைந்த நூலை வாங்கவே மாட்டேன் என்று உறுதியாக நிற்கும் வாடிக்கையாளர்கள் பெருகினால், நூலை முழுதாக வைத்திருப்பதே வியாபாரிக்கு இலாபமாகும். சேகரிப்பாளர் விலகிக்கொண்டால் சட்டமிட்ட படத்தைச் சுவரில் மாட்டுபவர் மட்டுமே சந்தையில் மிஞ்சுவார்.

வென்றவர் எழுதியது என்பதற்காக ஒதுக்கவும் முடியாது. தங்கள் படை தோற்ற இடத்தை அவர்களே எழுதியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை 1791-இல் விழவில்லை என்பதை நாம் அறிவது அவர்கள் எழுத்தாலும்தான். பகைவரின் வாக்குமூலத்தைவிட வலுவான சான்று எது?

தகடூரான் (தருமபுரி)

நூலகப் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, தனியாரை இழிவாகப் பேச வேண்டாம் என்பது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், நூலகங்கள் குப்பை என்று கருதிய துண்டறிக்கைகளையும் நாடக நோட்டீசுகளையும் மலிவுப் பதிப்புகளையும் தம் வீட்டில் சேர்த்தார். அவர் மறைந்தபின் அச்சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தது. ஆசிரியை அம்மா கேட்கும் கதைப்பாடல் பதிப்புகளைக் காத்தவர்களும் இத்தகைய தனியார்தாம்.

இரண்டாவது, சேகரிப்பாளர்கள் பேசத் தயங்கும் செய்தி. பெங்களூரு அவென்யூ ரோட்டிலோ திருவல்லிக்கேணி நடைபாதையிலோ கிடைக்கும் பழைய நூலைத் திறந்தால், தலைப்புப் பக்கத்தில் ஏதோ ஒரு நூலகத்தின் முத்திரை இருக்கிறது. கழிவு செய்யப்பட்டதற்கான முத்திரையும் கையொப்பமும் உடன் இருந்தால் அது முறைப்படி வெளியேறிய நூல். அவை இல்லாமல், நூலக எண் சுரண்டப்பட்டோ முத்திரைப் பக்கம் கிழிக்கப்பட்டோ இருந்தால் அது களவு போன நூலாக இருக்கலாம். அதை வாங்குபவர் எவ்வளவு அன்போடு வைத்திருந்தாலும் பொதுச் சொத்தைத்தான் வைத்திருக்கிறார். கையெழுத்துப் படிகள் என்றால் இன்னும் கவனம் தேவை: 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டுப் பழமையான கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் தொல்பொருள்களாகவே கருதப்படுகின்றன, அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

நம் ஊர்ப் போர் நூலையே நினைத்துப் பாருங்கள். அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் இங்கே, அன்று தகடூர் எனப்பட்ட தருமபுரியில், நடந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் ஏட்டைப் பேணியிருந்தால் இன்று அது நம் கையில் இருந்திருக்கும்.

பாலக்கோட்டு ஆசிரியை

ஐயா, அதே சான்று எனக்கே துணை நிற்கிறது. தகடூர் யாத்திரையின் பாடல்களில் சில மிஞ்சியது, பழம்பாடல் தொகுப்பான புறத்திரட்டைத் தொகுத்தவர் அவற்றை எடுத்துச் சேர்த்ததாலும் உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டியதாலும்தான். எடுத்து வழங்கப்பட்ட பாடல்கள் பிழைத்தன. ஏட்டோடு ஏடாகக் கட்டிவைக்கப்பட்டவை அழிந்தன. செட்டியாரின் சேகரிப்பை நாம் போற்றுவதும் அது இன்று எல்லோருக்கும் திறந்திருப்பதால்தான். கிருஷ்ணகிரி நண்பரின் நூல்கள் அவருக்குப் பின் எங்கே போகும் என்று அவர் இதுவரை சொல்லவில்லை.

ஓசூர் வாசகர்

நானும் அதையே கேட்கிறேன். குறைந்தது நூல்களின் பட்டியலாவது, எந்தப் பதிப்பு, எத்தனை வரைபடம் முழுமையாக இருக்கிறது என்ற விவரத்தோடு இங்கே வெளியிடப்பட வேண்டும். பெரிய தாளைச் சரிவாகப் படமெடுத்தால் அளவுகோல் பிறழும். நேர் மேலிருந்து, இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம் விழும்படி, பகுதி பகுதியாக எடுத்து இணைக்க வேண்டும். அதற்கான கருவிகளோடு நான் வரத் தயார்.

மலையடிவாரத்தார்

தம்பி, தாராளமாக வாருங்கள். ஒரு நிபந்தனை: மடிப்பு ஓரங்களில் கிழிசல் தொடங்கியிருக்கும் தாள்களை, பின்புறம் மெல்லிய தாள் ஒட்டி வலுப்படுத்தத் தெரிந்தவர் பார்த்தபின்தான் விரிக்க விடுவேன். சாதாரண ஒட்டுநாடாவை ஒட்டி எத்தனையோ நல்ல வரைபடங்களைக் கறையாக்கியிருக்கிறார்கள். பட்டியலை இந்த மாதத்துக்குள் இங்கே இடுகிறேன். முத்திரை உள்ள நூல்களுக்கு அந்த முத்திரையின் விவரத்தையும் சேர்த்தே இடுகிறேன், தகடூரான் ஐயா பார்த்துச் சொல்லட்டும்.

நூல்களை இப்போதே நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்டால், அதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். தனி அறையும் பொறுப்பாளரும் இல்லாத இடத்தில் அவற்றைக் கொண்டுபோய் வைத்தால், முதல் மழைக்காலத்திலேயே கரையான் ஏறும்.

பாலக்கோட்டு ஆசிரியை

அந்த அறையைக் கேட்டு நாம் எல்லோரும் சேர்ந்து மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதலாமே. முதல் கையொப்பம் உங்களுடையதாக இருந்தால், இரண்டாவது என்னுடையது.