எஸ்பிஎச்-சில் சுவர்: விலக்கு விசையா, போலித் துகளா?

சுவர்க்கோழி:
நீரைத் துகள்களாகப் பிரித்து நீரோட்டத்தைக் கணக்கிடும் எஸ்பிஎச் (SPH) முறையில் சுவருக்கு ஒற்றை வரிசைத் துகளும் கொஞ்சம் விலக்கு விசையும் போதும் என்பது என் கட்சி. இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான மோனகன் 1994-லேயே லெனார்ட்-ஜோன்ஸ் பாணி விசையை (நெருங்கினால் சட்டெனப் பெருகித் தள்ளுவது) வைத்து அணை உடைப்பைக் காட்டிவிட்டார். சுவருக்குள் நீர்போல் நடிக்கும் போலித் துகள்களை மூன்று நான்கு வரிசை அடுக்குவது வீண் வேலை.

அலைமகன்:
அணை உடைப்பில் எதுவும் அழகாகத்தான் தெரியும். நீரைச் சும்மா நிற்க வைத்துப் பாருங்கள். தொட்டியில் நிற்கும் நீர் அசையக் கூடாது. உங்கள் முறையில் அடிவரிசை நடுங்கிக்கொண்டே இருக்கும். சுவர்த்துகளுக்கு நேர் மேலே விசை ஒரு அளவு, இரண்டு துகளுக்கு நடுவே வேறு அளவு. சமதளச் சுவர் நீருக்குக் கூழாங்கல் தரையாகிவிடுகிறது. அதோடு, சுவரை ஒட்டிய துகளுக்குக் கெர்னலின் (அண்டைத் துகள்களுக்குத் தூரத்தைப் பொறுத்து எடை தரும் சார்பு) பாதி வெறுமை. அடர்த்தி பாதிக்குப் பக்கமாக விழும்; அடர்த்தியிலிருந்து அழுத்தம் தரும், அடுக்கு 7 உள்ள நிலைச் சமன்பாட்டில் போட்டால் அழுத்தம் பெரிய எதிர்ம எண்ணாக வரும்.

சுவர்க்கோழி:
அது அண்டைத் துகள்களின் நிறையைக் கூட்டி அடர்த்தி எடுப்பவர்களின் தலைவலி. நான் தொடர்ச்சிச் சமன்பாட்டை (அடர்த்தி எவ்வளவு மாறுகிறது என்று சொல்வது) நேரத்தில் நகர்த்துகிறேன். பாதியாக விழாது.

அலைமகன்:
சரி, அடர்த்தி தப்பித்தது. அழுத்தச் சரிவு? அதற்கும் அதே கெர்னல்தானே, அதே பாதி வெறுமைதானே. 2012-இல் அடாமி குழு சொன்ன வழி எளிது: பக்கத்து நீர்த்துகள்களின் அழுத்தத்தை, ஈர்ப்பையும் சேர்த்து, சுவர்த்துகளுக்கு நீட்டுவது. நிற்கும் நீர் நிற்கும்.

சுவர்க்கோழி:
என் பிரச்சினை இருபுறமும் நீர் உள்ள மெல்லிய தகடு. கெர்னலின் எல்லை துகள் இடைவெளியைப்போல் 3 மடங்கு. தகட்டின் தடிமன் ஒரே இடைவெளி. மூன்று வரிசையை எங்கே அடுக்குவது? இடைவெளியைப் பாதியாக்கினால் முப்பரிமாணத்தில் துகள் 8 மடங்கு, நேரப்படியும் பாதி. ஆக வேலை 16 மடங்கு. அதுவும் ஒரு முறை பாதியாக்கினால் போதாது.

மூன்றாம்வரிசை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சுவரைப் பரப்பாகவே வைத்து, வெட்டுப்பட்ட கெர்னலைத் திருத்தும் பாதி-பகுப்பாய்வு முறைகளும் உண்டு. வரிசையே வேண்டாம். ஆனால் முப்பரிமாண மூலைகளில் அந்தத் திருத்தத்துக்கான தொகையீட்டை எழுதிப் பார்த்தவர்கள் அடுத்த நாள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

அலைமகன்:
தகட்டில் விலக்கு விசையும் கைகொடுக்காதே! தகட்டுக்கு அந்தப் பக்கத்து நீர் இந்தப் பக்கத்து நீரின் கெர்னலுக்குள் வந்து நிற்கிறது. சுவர் ஊடே இரண்டும் ஒன்றையொன்று தள்ளும்.

சுவர்க்கோழி:
தெரியும். அண்டைத் துகள் பட்டியலில் தகட்டைத் தாண்டும் இணைகளை வெட்டிவிடுகிறேன்.

அலைமகன்:
வெட்டினால் மறுபடி பாதி வெறுமை. ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம்.

சுவர்க்கோழி:
ராத்திரி நிற்கும் நீரை ஓட்டினேன். கணக்கு நிலையாக ஓடச் சேர்க்கும் செயற்கைப் பாகுநிலை 0.1-இல் நடுக்கம் தெரியவில்லை. 0.01-க்கு இறக்கினேன், அடிவரிசை கொதிக்கிறது. இத்தனை நாளாகப் பாகுநிலைதான் மூடி வைத்திருக்கிறது. தொட்டிக்கு அடாமிக்கு மாறுகிறேன். தகட்டுக்கு மட்டும் மாறமாட்டேன், வேறு வழி காட்டுகிறவரை.