நாலு சீட், நாலு பேர், முழு டேங்க்: எடைக் கணக்கில் உங்கள் அனுபவம் என்ன?

சிறிய விமானம் ஓட்டும் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்கத்தான் வேண்டும். சீட் நாலு இருக்கிறது, ஆள் நாலு பேர் வந்திருக்கிறார்கள், கணக்குப் போட்டால் மட்டும் இடிக்கிறது. அதை வந்தவர்களிடம் எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் அனுபவத்தைக் கேட்க ஆசை. முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓட்டுவது செஸ்னா 172எஸ். புறப்படும்போது அதிகபட்சம் 1,157 கிலோ இருக்கலாம். எங்கள் விமானத்தின் வெற்று எடை 770 கிலோ. மிச்சம் 387. டேங்க் இரண்டையும் நிரப்பினால், பயன்படும் எரிபொருள் சுமார் 200 லிட்டர். ஏவ்காஸ், அதாவது சிறு விமானத்துக்கான பெட்ரோல், லிட்டருக்கு 0.72 கிலோ என்றால் அதற்கே 144 கிலோ போய்விடும். ஆளுக்கும் பைக்கும் சேர்த்து 243 கிலோதான். எண்பது கிலோ ஆட்கள் மூன்று பேர் ஏறினாலே தீர்ந்தது, நாலாவது சீட்டில் ஒரு பையைக்கூட வைக்க முடியாது.

ஒருமுறை நண்பர், அவர் மனைவி, அவருடைய அண்ணன் மூவரையும் நாற்பது நிமிடத் தூரத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. போனில் கேட்டபோது பை உட்பட மூவருக்கும் சேர்த்து 225 கிலோ என்றார்கள். கிளம்பும் முன்பே, "இங்கே வந்ததும் எல்லோரும் தராசில் ஏற வேண்டும், நானும் ஏறுவேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) மூலையில் அதற்காகவே ஒரு தராசு வைத்திருக்கிறேன். முதலில் நான் ஏறி, 78 என்று சத்தமாகவே சொன்னேன். நண்பர் போனில் சொன்னது 75. ஷூ, ஜாக்கெட்டோடு ஏறினால் 84. கேமரா, முக்காலி இருந்த பை மட்டும் 11. நண்பரின் மனைவி கொஞ்சம் தயங்கினார். யாருடைய எடையையும் தனியாகச் சொல்ல மாட்டேன், கூட்டுத்தொகை மட்டும் போதும் என்றதும் ஏறிவிட்டார். மூவரும் பைகளும் சேர்ந்து 262 கிலோ.

போனில் சொன்ன கணக்கை நம்பியிருந்தால் 116 லிட்டர் வரை போடலாம் என்று வரும். அப்படிப் போட்டிருந்தால் 37 கிலோ கூடுதலாகக் கிளம்பியிருப்போம். அவர்கள் வரும் வரை எரிபொருள் நிரப்பவே இல்லை. டேங்க்கில் டிப்ஸ்டிக் (அளவுக் குச்சி) விட்டுப் பார்த்தபோது 60 லிட்டர் இருந்தது. நாற்பது நிமிடப் பயணத்துக்கும் கையிருப்புக்கும் அது தாராளம். மொத்தம் 1,153 கிலோ. திரும்பி வருவதற்குத் தேவையானதை அங்கே போய்ப் போட்டுக்கொண்டோம்.

ஆளைக் குறைப்பதை விட எரிபொருளைக் குறைப்பது எளிது. ஆனால் நேற்று யாராவது டேங்க்கை நிரப்பிவிட்டுப் போயிருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பறந்து முடித்ததும் பழக்கதோஷத்தில் முழுக்க நிரப்பாதீர்கள் என்று கூடப் பறப்பவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

* * *

நல்ல விஷயத்தை ஆரம்பித்தீர்கள் தம்பி. நான் பயிற்சி கொடுக்கிறவன். என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்கிற ஒரு சம்பவத்தை இங்கேயும் சொல்கிறேன்.

கோடை மதியம். குட்டையான ரன்வே, அதன் முடிவில் புல்வெளி, அதையும் தாண்டி மரங்கள். வேறு ஊரிலிருந்து வந்திருந்த நாலு சீட் விமானம் ஒன்றில் நாலு பெரியவர்கள் ஏறினார்கள். பின்னால் பைகளையும் திணித்தார்கள். வால் தாழ்ந்து, முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு வழக்கத்தைவிட நீண்டு தெரிந்தது. நானும் மாணவனும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பாதி ரன்வேயைத் தாண்டிய பிறகு மூக்கு தூக்கியது, சக்கரமும் தரையை விட்டது. ஆனால் அதற்கு மேல் ஏறவில்லை. ஓர் ஆள் உயரத்தில் அப்படியே மிதந்தது. தரைக்கு அருகில் இறக்கையின் இழுவை குறைவதால் அந்த உயரத்தில் பறக்க முடிகிறது, கொஞ்சம் மேலே போனால் அந்த உதவி கிடைக்காது. பைலட் நல்ல வேளையாகப் பவரைக் குறைத்து இறக்கிவிட்டார். புல்வெளியில் உருண்டு மரங்களுக்கு முன்னால் நின்றது. யாருக்கும் அடியில்லை.

மாணவன் கேட்டான்: "சார், தரையை விட்டுக் கிளம்பியதே, ஏன் ஏறவில்லை?" அன்றைக்கு வகுப்பு முழுக்க அதைப் பற்றித்தான். பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களுக்குச் சொல்லும் கணக்கு இது: எடை 10 சதவீதம் கூடினால் புறப்படும் தூரம் 20 சதவீதம் கூடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் 10 சதவீதம், ஓடுதளம் 1,000 அடி உயரத்தில் இருந்தால் இன்னொரு 10 சதவீதம். இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 500 மீட்டர் போதும் என்றிருந்த விமானத்துக்கு மூன்றும் சேர்ந்தால் 726 மீட்டர் வேண்டும். காலையில் ஏறிய அதே சுமை மதியம் ஏறாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

பின்னால் சுமை கூடுவது இன்னும் மோசம். ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போனால் கன்ட்ரோல் கைக்கு லேசாக இருக்கும், சுகமாகக்கூடத் தெரியும். ஸ்டால் ஆகி (இறக்கை தூக்கும் சக்தியை இழந்து) ஸ்பின்னில் (சுழன்றபடி) விழுந்தால் மூக்கைக் கீழே கொண்டுவர முடியாமல் போகலாம். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் இது நடக்கும். அதனால் எடையைக் கூட்டிப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். கையேட்டில் எடைக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இருக்கும் வரைபடத்தில் உங்கள் புள்ளி வரம்புக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள்.

* * *

ஒரு சந்தேகம் சார். கடல் தாண்டிக் கொண்டுபோகிற விமானங்களுக்கு 10 சதவீதம் கூடுதல் எடைக்கு அனுமதி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் அவ்வளவு வரை விமானம் தாங்கும் என்றுதானே பொருள்?

* * *

தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கூடுதல் டேங்க் பொருத்திய, பயணி இல்லாத ஒரு பயணத்துக்கு என்று தனியாக வாங்கும் அனுமதி. நிபந்தனைகளும் சேர்ந்தே வரும். சாதாரண வகை விமானத்தின் சட்டகம் அதிகபட்ச எடையில் 3.8 ஜி வரை, அதாவது அந்த எடையைப் போல 3.8 மடங்கு சுமை வரை, தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. எடை 10 சதவீதம் கூடினால் அதே இறக்கை ஏறக்குறைய 3.45 ஜியிலேயே அந்தச் சுமையைத் தொட்டுவிடும். ஸ்டால் வேகமும் சுமார் 5 சதவீதம் கூடும். காற்று குலுக்கும் நாளில் இந்த வித்தியாசம் பெரியது.

* * *

எல்லோரும் ஆட்களைத் தராசில் ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். விமானத்தை ஏற்றிப் பல வருடம் ஆகியிருக்குமே, அதையும் பாருங்கள். நான் பராமரிப்பு எஞ்சினியர்.

பழைய, இரண்டு சீட் செஸ்னா 152 ஒன்றை எடை போட்டோம். தாளில் 508 கிலோ, தராசில் 521. எப்போதோ கழற்றிய ரேடியோவின் வயர்கள் பேனலுக்குப் பின்னால் அப்படியே கிடந்தன. பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலேயே அடித்திருந்தார்கள். புதிதாகப் பொருத்திய ஒவ்வொன்றையும் காகிதத்திலேயே கூட்டிக்கொண்டு வந்ததில் சின்னச் சின்ன விடுபடல்கள். 152க்கு அதிகபட்சம் 757 கிலோ, முழு டேங்க் 67 கிலோ. மிச்சம் 182 என்று நம்பியிருந்தவர்களுக்கு உண்மையில் 169தான். மாணவனும் இன்ஸ்ட்ரக்டரும் கொஞ்சம் கனமான ஆட்களாக இருந்தால் முழு டேங்க்கோடு கிளம்ப முடியாது.

2003 ஜனவரி 8இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஒரு பீச்கிராஃப்ட் 1900டி புறப்பட்டதும் விழுந்து 21 பேர் இறந்தார்கள். எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் பலகை) கேபிளைப் பராமரிப்பில் தவறாக அமைத்திருந்ததால் மூக்கைப் போதுமான அளவு தாழ்த்த முடியவில்லை. ஈர்ப்பு மையமும் வரம்பைத் தாண்டிப் பின்னால் இருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் பயணிகளின் எடைக்கு அன்று அனுமதிக்கப்பட்ட சராசரியைப் போட்டிருந்தார்கள். பிறகு வேறு பயணிகளை நிஜமாக எடை போட்டுப் பார்த்ததில் ஆளுக்குச் சுமார் 9 கிலோ கூடுதல் என்று தெரிந்தது. என் தொழிலில் இருப்பவர்கள் அந்த அறிக்கையைப் படிக்காமல் இருக்கக் கூடாது.

* * *

மிக்க நன்றி அண்ணா. எங்கள் விமானத்தின் தாளை எடுத்துப் பார்த்தேன். கடைசியாகத் தராசில் ஏற்றிய பிறகு பேனல் முழுவதும் மாறியிருக்கிறது, எண் மட்டும் கணக்கிலேயே திருத்தப்பட்டு வருகிறது. மறுபடி எடை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும், நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?

* * *

அரை நாள் ஒதுக்குங்கள் தம்பி. சீட் பாக்கெட், பின்பக்க லக்கேஜ் அறை எல்லாவற்றையும் காலி செய்து, விமானத்தைக் கழுவி உலரவிட்டுக் கொண்டுவாருங்கள். எரிபொருளை நாங்கள் வடித்துக்கொள்வோம். மூன்று சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு, கூடவே விமானம் சமமட்டமாக நிற்கிறதா என்று லெவல் பார்க்க வேண்டும். ஹேங்கர் கதவைச் சாத்திவிட்டுத்தான் எடுப்போம். லேசான காற்று இறக்கையில் பட்டாலும் தராசில் எண் ஆடும்.